எட்டாவது அன்னம்

டேய், முதலில் பையைப் பிரித்து இட்லிப் பொடியை வெளியே எடுத்து வை. டப்பாவின் மூடி சரியில்லை, கவிழ்ந்தால் உன் சட்டையெல்லாம் பொடியாகிவிடும். எடுத்து வைத்துவிட்டு, பக்கத்தில் உன் ரூம் பையன்கள் யாரும் இல்லாதபோது இதைப் படி. வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்கு எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். உன் அப்பாவும் அதைத்தான் கேட்டார். "பையன் இங்க இருக்குற படப்பையிலதானே இருக்கான், ஒரு போன் போட்டுச் சொல்லேன். இன்னாத்துக்குப் பக்கம் பக்கமா எழுதிக்கினு இருக்கே?" என்றார். முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது என்பதுதான் காரணம். போனில் ஆரம்பித்தால் நடுவிலேயே நீ "சரி விடும்மா" என்பாய், நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். காகிதம் அப்படிச் சொல்லாது.

போன புதன்கிழமை நீ போன் பண்ணியதிலிருந்து எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. உன் கம்பெனியில் நாலே நாலு பேரைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள், அதில் நீ ஒருத்தன், புனேவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்றாய். என்னடா வேலை என்று கேட்டால், "வேலையை எப்படிப் புதுசா செய்யலாம்னு யோசிக்கிறதுக்குன்னே ஒரு செக்‌ஷன்மா" என்று சொல்லிச் சிரித்தாய். யோசிப்பதற்குச் சம்பளமா என்று நானும் சிரித்தேன். அதற்கப்புறம் நீ சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. "நான் வேணாம்னு எழுதிக் குடுத்துடப் போறேன்மா. திங்கக்கிழமைக்குள்ள பதில் கேக்குறாங்க. அதுக்கெல்லாம் ஒரு கற்பனை வேணும். அது உனக்கு இருக்குது. எனக்கு உன் கை வரலை. நான் சொன்ன வேலையைச் சொன்ன மாதிரி செய்யறவன். நீ இன்னாமா சொல்ற?" என்று கேட்டாய். நான் "யோசிச்சுச் சொல்றேன்பா" என்று போனை வைத்துவிட்டேன். நீ எந்தப் பக்கம் வகிடு எடுக்க வேண்டும் என்பதில் ஆரம்பித்து எந்த பாங்கில் கணக்கு தொடங்க வேண்டும் என்பதுவரை கேட்காமலேயே சொன்னவள் நான். அப்படிப்பட்டவள் யோசித்துச் சொல்கிறேன் என்றால் அப்போதே உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

உனக்குத் தெரியுமோ என்னவோ, இரண்டு மாதத்துக்கு முன்னால் டிசைன் படிக்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர் நம் பட்டுப் புடவைக் கடைக்கு வந்திருந்தார்கள். முதலாளி என்னைக் காட்டி, "இவங்கதான் நம்ம டிசைனர் அம்மா. அன்னம் திரும்பிப் பாக்குற பார்டர் இருக்குதே, அது இவங்க யோசனை" என்றார். உடனே அந்தப் பெண்கள் என் கம்ப்யூட்டரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, போனை நீட்டி, "ஐடியா எல்லாம் எங்கிருந்து மேடம் வருது?" என்று கேட்டார்கள். மேடமாம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? தினமும் காலையில் ஏகாம்பரநாதர் கோயில் தூண்களை நின்று நின்று பார்ப்பேன் என்றேன். குளத்து மீனைப் பார்ப்பேன் என்றேன். மனதை வெள்ளைத் தாள் மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும் என்றுகூட ஒன்றை எடுத்துவிட்டேன். எல்லாம் புளுகு. நான் அந்தக் கோயிலுக்குப் போவது சர்க்கரை குறைய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளத்தான். தூணில் என்ன செதுக்கியிருக்கிறது என்று இன்றைக்கு நீ கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு பெண் நான் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதி அடிக்கோடு வேறு போட்டாள்.

இந்தக் கற்பனை என்பது என்ன சாமான், யாரிடம் இருக்கிறது, எதனால் வருகிறது, எதனால் போகிறது என்று நான்கு நாளாக யோசித்து யோசித்து ஒன்றும் பிடிபடவில்லை. உன் அப்பாவை எடுத்துக்கொள். மழை வந்தால் ஆட்டோவில் சாரல் அடிக்கிறது என்று பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து, படுதாவின் ஓரத்தில் தைத்து, ஒரே இழுப்பில் திறந்து மூடுகிற மாதிரி செய்து வைத்திருக்கிறாரே, ஸ்டாண்டில் இருக்கிற மற்ற ஆட்டோக்காரர்கள் எல்லாரும் பார்த்துப் பார்த்து அதே மாதிரி கட்டிக்கொண்டார்கள். இதற்கு என்ன பேர் என்று நேற்று கேட்டேன். "நனையாம இருக்கணும்னு கட்டினேன். இதுல கற்பனை எங்க இருக்குது? காபி குடுடீ" என்கிறார். நீயும் அதே மாதிரிதான். உங்கள் லைனில் இரண்டு ஸ்க்ரூ, ஒன்று கொஞ்சம் நீளம், ஒன்று கொஞ்சம் குட்டை, அவசரத்தில் எல்லாரும் மாற்றி மாற்றிப் போட்டுவிடுகிறார்கள் என்றாயே. நீ ஒரு மரத்துண்டில் வரிசையாக ஓட்டை போட்டு வைத்தாய். குட்டை ஸ்க்ரூ ஓட்டைக்குள் உட்கார்ந்துவிடும், நீளமானது தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். அந்த மரத்துண்டைப் பார்த்துவிட்டுத்தான் உன் மேனேஜர் உன் பேரை எழுதிப் போட்டிருக்கிறார். அதைக் கேட்டால் "அது சும்மா, வேலை சீக்கிரம் முடியட்டும்னு பண்ணேன்" என்கிறாய். சும்மா செய்கிறவர்கள் எல்லாம் தங்களிடம் ஒன்றுமில்லை என்கிறார்கள். ஒன்றுமே செய்யாத நான் மேடம். இது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

ஒன்றுமே செய்யாத நான் என்று எழுதிவிட்டேன். இனி பின்வாங்க முடியாது, சொல்லிவிடுகிறேன்.

அப்போது நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளாத காலம். கடைக்கு வேண்டிய டிசைனை வீட்டிலேயே கட்டம் போட்ட பெரிய கிராப் தாளில் வரைந்து சிவப்பு மையால் ரொப்புவேன். முதலாளி ஒரு கல்யாணப் புடவைக்கு பார்டர் கேட்டிருந்தார். எட்டு அன்னம், ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டும், ஒவ்வொன்றின் அலகிலும் ஒவ்வொரு பூ. எட்டு முடிந்ததும் மறுபடி முதல் அன்னத்திலிருந்து வரும், புடவை நீளத்துக்கும் அப்படியே போகும். பத்து நாள் கண் வலிக்க வலிக்க உட்கார்ந்து முடித்தேன். சாயங்காலம் ஒரு தடவை சரிபார்த்துவிட்டுச் சுவரோரம் விரித்து வைத்தேன். மறுநாள் காலையில் அதைப் பார்க்காமலேயே சுருட்டி எடுத்துக்கொண்டு போய்க் கடையில் கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் அதை ஒருத்தரும் படமாகப் பார்க்க மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அட்டை அடிக்கிறவருக்கு அன்னமும் கிடையாது, பூவும் கிடையாது. கட்டம் சிவப்பா, அந்த இடத்தில் ஓட்டை. கட்டம் வெள்ளையா, ஓட்டை இல்லை. வரிசைக்கு ஓர் அட்டை, தறி அந்த ஓட்டைகளின்படிதான் நெய்யும். அடித்து, கோத்து, பிள்ளையார்பாளையத்தில் முனுசாமி அண்ணன் தறியில் ஏற்றிவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து முனுசாமி அண்ணன் போன் பண்ணினார். "ஏம்மா, உங்க அன்னம் ஒண்ணு திரும்பிப் பாக்குதே, அது அப்படித்தானா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்லியே அண்ணே, எட்டும் நேராத்தானே போவுது" என்றேன். "ஏழுதான் நேரா போவுது. எட்டாவது கழுத்தைத் திருப்பிக்கினு நிக்குது. மொத தடவை வந்தப்ப டிசைனே அப்படின்னு நெனைச்சேன். நாலாவது தடவையும் திரும்பிப் பாத்துச்சா, எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. தறியை நிறுத்திட்டு உட்காந்துக்கினு இருக்கேன், வந்து பாருங்க" என்றார். அப்பாவின் ஆட்டோவில் ஓடினேன். தறியில் பார்த்தால் நிஜம்தான். கடைசி அன்னம் கழுத்தை வளைத்துத் தன் முதுகுக்கு மேலாகப் பின்னால் பார்க்கிறது, அலகில் பூவோடு. நெய்த பட்டை அவிழ்ப்பதாவது! பட்டும் ஜரிகையும் போனது போனதுதான். என் வேலையும் போனது என்று அங்கேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். நம் வீட்டில் அந்தத் தாளைத் தொடக்கூடிய ஆள் யார் என்று எனக்குச் சொல்ல வேண்டுமா என்ன.

நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "கிராப்புல கை வெச்சியாடா?" என்றேன். "ஆமாம்மா" என்றாய். பொய் சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிதானம் வந்திருக்கும். மர ஸ்கேலை எடுத்து விரல் முட்டியில் அடித்தேன். எத்தனை அடி என்று எனக்கு நினைவில்லை, உனக்கு இருக்கலாம். நீ அழவில்லை. "இல்லம்மா, அந்த அன்னம்…" என்று ஏதோ ஆரம்பித்தாய். "வாயை மூடு! இனிமே என் பேப்பரைத் தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்" என்று கத்தினேன். நீ வாயை மூடிக்கொண்டாய். கையைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். பாவி, அந்த ஒரு நிமிஷம் நின்று கேட்டிருக்கலாம்.

மறுநாள், தறியிலிருந்து அறுத்து எடுத்த அந்த நெய்த துண்டை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன். அவர் அதை மேஜைமேல் விரித்தார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். "எட்டு எட்டா முடிஞ்சு முடிஞ்சு ஆரம்பிக்கிற மாதிரி இருக்கும்னு நானே பயந்துக்கினு இருந்தேன். இது அடுத்த செட்டுல முன்னால வர்ற அன்னத்துக்குப் பூவைக் குடுக்குற மாதிரி இருக்குதே. முடிவே தெரியலையே! யார் யோசனைம்மா இது?" என்றார். அப்போதுதான் நானும் அதைப் பார்த்தேன். தாளில் பார்த்தால் எட்டாவது அன்னம் ஒன்றுமில்லாத வெள்ளையைத்தான் பார்க்கும். நெய்து, மறுபடி முதல் அன்னம் பின்னால் வந்து நின்றால்தான் அது யாரைப் பார்க்கிறது என்பது தெரியும். நான் வாயைத் திறந்தேன். மன்னிச்சுடுங்க என்று சொல்லத்தான் திறந்தேன். "நான்தான்" என்று வந்துவிட்டது.

அவ்வளவுதான்டா. ஒரு வார்த்தை. அதை வைத்துப் பதினைந்து வருஷம் ஓட்டிவிட்டேன். அந்த பார்டரை எத்தனை கலரில் எத்தனை தறியில் ஓட்டினார்கள் என்று உனக்கே தெரியும். ஊரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தி உடுத்திக்கொண்டு வந்து, "இது நீங்க போட்டதாமே" என்பாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருப்பாய். ஒரு தடவைகூட நீ என்னை நிமிர்ந்து பார்த்ததில்லை. நீ அதை மறந்துவிட்டாயா, இல்லை தெரிந்தே பேசாமல் இருந்தாயா? இல்லை, நீ வரைந்ததை நான் அழித்துவிட்டு வேறு வரைந்தேன், ஊரெல்லாம் கட்டுவது அதைத்தான் என்று நினைத்துக்கொண்டாயா? புதன்கிழமை "உன் கை எனக்கு வரலைம்மா" என்றாயே, அதைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உன் குரல் எனக்குத் தெரியும். நிஜமாகவே நம்பித்தான் சொன்னாய். அதுதான் என்னைக் கொல்கிறது.

கடையிலிருந்து திருப்பி வாங்கிய அந்த கிராப் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. வியாழக்கிழமை பெட்டியிலிருந்து எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். நான் வரைந்த கழுத்தை நீ ரப்பரால் அழிக்கவில்லை, சிவப்பு மை ரப்பருக்குப் போகாது. பிளேடால் மெல்லச் சுரண்டியிருக்கிறாய். தாள் ஓட்டையாகவில்லை. சுரண்டின இடத்தில் புதுக் கழுத்தைக் கட்டம் கட்டமாக ரொப்பியிருக்கிறாய். பதிமூன்று வயதில்! வளைவு வருகிற இடத்தில் ஒரு கட்டம் ஏறி இரண்டு கட்டம் இறங்க வேண்டும் என்று உனக்கு யார் சொன்னார்கள்? நான் சொல்லவில்லை. ஒரு கட்டம் பிசகியிருந்தாலும் நெய்யும்போது கழுத்து உடைந்து தெரிந்திருக்கும், ஒன்றுகூடப் பிசகவில்லை. இது விளையாட்டாகச் செய்ததா? பின்னால் முதல் அன்னம் வரும் என்று தெரிந்து செய்ததா? பார்க்கப் பார்க்க எனக்குக் குழப்பம்தான் கூடுகிறது.

அதற்கப்புறம் நீ ஒரு கோடுகூடப் போடவில்லை. எனக்கு அது தெரிந்திருந்தது. தெரியாது என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். மனசு உறுத்தி, அடுத்த தெருவில் டிராயிங் கிளாஸில் சேர்த்துவிட்டேன், நினைவிருக்கிறதா? அந்த வாத்தியார் இரண்டு மாதம் உன்னைப் பானையும் மாம்பழமுமாக வரைய வைத்தார். "வேணாம்மா, அவர் பானையையே நானும் போடணும்னா அவரே போட்டுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாய். பெரிய டப்பா கலர் பென்சில் வாங்கிக் கொடுத்தேன். அதைக் கொண்டுபோய் எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாய். நான் அடித்ததால் அது போயிற்றா, அந்த வாத்தியாரின் பானையால் போயிற்றா, இல்லை போகவே இல்லையா? ஸ்க்ரூவுக்கு ஓட்டை போட்டதைப் பார்த்தால் போகவில்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் நீயே இல்லை என்கிறாய். உன்னை நம்புவதா, மரத்துண்டை நம்புவதா? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ வரைவதை நிறுத்தின வருஷம் கணக்கில் உனக்கு மார்க் ஏறியது. எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. பிள்ளை உருப்பட்டுவிட்டான் என்று கோயிலில் அர்ச்சனைகூடச் செய்தேன்.

இந்த லட்சணத்தில் உனக்கு நான் என்ன புத்தி சொல்வது? ஒன்றே ஒன்று சொல்கிறேன், அதுவும் சரியா தப்பா தெரியாது. நீ எங்கே வேலை பார்த்தாலும், உன் கீழே வேலை செய்கிற பையனோ பெண்ணோ, நாளைக்கு உன் பிள்ளையோ, வைத்ததை வைத்தபடி விடாமல் எதையாவது மாற்றி வைத்தால், கத்துவதற்கு முன்னால் ஏன் என்று கேட்டுவிடு. கேட்டுவிட்டு அப்புறம் கத்து, வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, சும்மா கை அரித்துச் செய்திருப்பார்கள். ஆனால் கேட்காவிட்டால் எது சும்மா, எது இல்லை என்று சாகிறவரைக்கும் தெரியாது. நான் இப்போது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன் பார்.

இன்னும் மோசமானது பாக்கி இருக்கிறது. புதன்கிழமையே இதை உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும், அதில் மட்டும் குழப்பம் இல்லை. நீ வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் புனே போக மாட்டாய். படப்பையிலேயே இருப்பாய். ஞாயிற்றுக்கிழமை வருவாய். நான் என் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், எல்லாம் தானாக நடந்துவிடும். வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாள் அப்படியே இருந்து பார்த்தேன். சனிக்கிழமை கடையில் முதலாளியிடம் அந்த எட்டாவது அன்னம் உன் கை போட்டது என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அதுக்கென்னம்மா இப்போ, உங்க பையன்தானே, உங்க கை என்ன, அவன் கை என்ன?" என்றார். நல்ல மனுஷன். ஆனால் அவர் அடித்ததில்லையே, அதனால் அவருக்குச் சுலபம். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். "அப்போ அவன் கையிலதான் இருந்துச்சா?" என்றார். அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

புனேவுக்குப் போ என்று நான் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. அந்த ஊர்ச் சாப்பாடு பிடிக்காது என்று வேண்டாம் என்று சொல், அப்பாவுக்கு வயதாகிறது என்று சொல், மேனேஜர் மூஞ்சி பிடிக்கவில்லை என்று சொல், எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள். கற்பனை அம்மாவுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை என்பதை மட்டும் சொல்லாதே. அது நான் சொன்ன பொய். அதை நம்பி நீ திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டால் அந்தக் கையெழுத்தும் என்னுடையதாகிவிடும்.

கோபம் வந்தால் இரண்டு ஞாயிறு வராமல் இரு, மூன்றாவது ஞாயிறு வந்துவிடு. உன் கம்பெனிக்குத் திங்கட்கிழமை பதில் சொல்லிக்கொள். எனக்கு வேறொரு பதில் வேண்டும், பதினைந்து வருஷம் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டியது. "இல்லம்மா, அந்த அன்னம்…" என்று ஆரம்பித்தாயே, அதற்குமேல் என்னடா கண்ணு?

அடிக்க மாட்டேன், சொல்லு.